மாணவருக்கு இரங்கலுரை ஆற்றிய ஆசான்

ஆசானுக்கு மாணவர் இறுதிக்கடன் ஆற்றுதல் உலக வழக்கு. ஆசானே தம் மாணவரின் சவப்பெட்டி முன் நின்று பேச நேர்வது பெருந்துயரம். அத்துயரை இறைநம்பிக்கையால் தாங்கிய பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர்தாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்விக்கு உழைத்த டாக்டர் பெஞ்சமின் மேஸ் அவர்கள்.

மேஸ் அவர்கள் 1894ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். பருத்திக்காட்டு வேலை போக, ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்களே அவருக்குப் பள்ளி வாய்த்தது. 1898இல், துப்பாக்கி ஏந்திக் குதிரைமீது வந்த வெள்ளையர் கும்பல் தம் தந்தையைத் தொப்பியைக் கழற்றி வணங்கச் செய்த காட்சியே அவர் நெஞ்சில் பதிந்த முதல் நினைவு. அச்சிறுவரே 1935இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1940 முதல் 1967 வரை அட்லாண்டா நகரின் மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவராக விளங்கினார்.

நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. 1937இல் மைசூரில் கூடிய ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாட்டிற்கு அவர் வந்திருந்தார். தீண்டத்தகாதோர் எனப்பட்ட நம்மவர் பயின்ற பள்ளியொன்றில் உரையாற்றச் சென்றபோது, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டத்தகாதவர் என்றே தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அவர் மனம் துணுக்குற்றது. ஆயினும், தம் நாட்டில் தம் நிலை அதுவே என்னும் உண்மையை உடனே உணர்ந்தார்.

1944இல் பதினைந்து வயதில் மோர்ஹவுஸில் சேர்ந்தவர் மார்ட்டின் லூதர் கிங். சமயப்பணி தமக்கு ஏற்றதா என ஐயுற்றிருந்த அவ்விளைஞருக்கு, கூர்த்த அறிவும் ஆழ்ந்த பக்தியும் ஒருவரிடத்தே இணைந்திருக்கக்கூடும் என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர் மேஸ். 1956இல் மாண்ட்காமரிப் பேருந்துப் போராட்டத்தின்போது கிங்கின் இல்லத்தில் குண்டு வீசப்பட்டது. அஞ்சிய தந்தையார், மகனை அந்நகருக்குத் திரும்பாதவாறு தடுக்க நண்பர்களைக் கூட்டினார். திரும்பிச் செல்வதே கடமை என்று கிங் உறுதியாய் நின்றபோது, அவருக்குத் துணைநின்றவர் மேஸ் ஆவார்.

தம்முள் எவர் முந்தி மறையினும் மற்றவர் இரங்கலுரை ஆற்றுவது என இருவரும் வாக்களித்திருந்தனர். 1968இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். குப்பை வண்டியின் இயந்திரத்தில் சிக்கித் தொழிலாளர் இருவர் நசுங்கி மாண்டதன்பின் எழுந்த போராட்டம் அது. அவர்களுக்குத் தோள்கொடுக்கச் சென்ற கிங், ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

ஏப்ரல் 9ஆம் நாள், கோவேறு கழுதைகள் இழுத்த எளிய வண்டியில் அவர்தம் சடலம் மோர்ஹவுஸ் வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. 73 வயது மேஸ் எழுந்து தம் வாக்கை நிறைவேற்றினார். கொன்றவன் ஒருவனை மட்டும் அவர் பழிக்கவில்லை. அக்கொலைக்கு இடந்தந்த சமுதாயச் சூழலையும் சுட்டினார். பழிவாங்குமாறு எவரையும் தூண்டவுமில்லை. கிங் முடிக்காது விட்ட பணி இனி வாழ்வோரின் பணி என்பதே அவருரையின் சாரம்.

உரைத்தபடியே அவர் நடந்தார். கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றிருந்தும், 1970 முதல் 1981 வரை அட்லாண்டா பள்ளிக் கல்விக் குழுவின் தலைவராக உழைத்தார். 1984 மார்ச் 28இல் அவர் மறைந்தபோது, அவரால் உருவான பல தலைமுறை மாணவர்கள் கலங்கினர்.

இளைஞர்களே! உயிர்த்தெழுதலை நம்பிய அப்பெரியார், கண்ணீரை மறுத்தாரல்லர், கண்ணீரோடு நின்றுவிடவுமில்லை. நமக்கு எழுத்தறிவித்து மறைந்த ஆசான்களும் பலர் உளர். அவர்தம் படத்திற்கு மாலை சூட்டுவது முறையே. ஆயினும், பள்ளியைவிட்டு நின்ற ஒரு பிள்ளையை மீண்டும் கைப்பிடித்து வகுப்பறைக்கு அழைத்துச் செல்லும் நாளிலேதான் நம் அஞ்சலி நிறைவுறும்.