பணிக்குழுவில் ஒருவரது உணர்வு மற்றவரை எவ்வாறு பாதிக்கிறது?
ஓசூர், கிருஷ்ணகிரி தொழிலகப் பணியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்குமான விளக்கம்

சேர்ந்து வேலை செய்வோரிடையே ஒருவரது கோபம், பதற்றம் அல்லது அமைதி வாய்ச்சொல் இன்றியே மற்றவரிடம் பரவுவதை ‘உணர்வுத் தொற்று’ என்பர். இது நோய் அன்று, மனித இயல்பு. எதிரில் இருப்பவரின் முகபாவத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் நாம் அறியாமலே பின்பற்றுகிறோம். அப்போது அவரது உணர்வில் ஒரு பகுதி நம்முள்ளும் எழுகிறது.

இதனோடு தொடர்புடையது, ஆனால் வேறானது, ‘உணர்வுத் தாக்கம்’. நீங்கள் என்ன உணர்கிறீர்கள் என்பது ஒன்று; உங்கள் அருகில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்பது மற்றொன்று. நோவா ஐசன்கிராஃப்ட், ஹிலாரி எல்ஃபன்பைன் ஆகிய ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குழுக்களாகப் பயின்ற மேலாண்மை மாணவர்களிடையே சிலர் பிறரிடம் தொடர்ந்து ஒரே வகையான உணர்வை எழுப்புவதைக் கண்டனர். எப்போதும் உற்சாகமாகப் பேசுபவர் அருகில் சிலருக்கு இறுக்கம் ஏற்படலாம். அதிகம் பேசாத மூத்த தொழிலாளி ஒருவர் வந்து நின்றாலே வரிசை முழுவதும் நிதானமடையலாம். ஆகவே, “நான் நல்ல மனநிலையில்தான் இருக்கிறேன்” என்பது போதிய விடை ஆகாது.

இது ஏன் உடல்நலம் சார்ந்த செய்தி?

தொழிற்பகுதி மருத்துவமனைகளுக்குக் கைவிரல் நசுங்கியவர்கள் காயம்பட்ட உடனே வருவதுண்டு. ஷிப்டு முடிந்து, கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வருவதும் உண்டு. தாமதத்தின் காரணத்தைக் கேட்டால், வலி குறைவாக இருந்தது என்று சொல்பவர் சிலரே. “சார் திட்டுவார்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இத்தகைய தாமதம் தொற்றுக்கும், சில வேளைகளில் விரல் இழப்புக்கும் வழிவகுக்கும். இரவுப் பணியில் நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல் ஆகியவற்றை மறைப்பதும் இவ்வாறே நிகழ்கிறது. குழுவில் நிலவும் அச்சம், இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பு கழன்றிருப்பதற்கு ஒப்பான ஆபத்து என்றே கருத வேண்டும்.

ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் நிகழும் மருந்துப் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்குகிறது. சிறந்த தலைமையும் இணக்கமும் உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாகவே இருக்கும் என அவர் எதிர்பார்த்தார். பதிவானவையோ அப்பிரிவுகளில்தான் அதிகம். அங்குள்ளோர் அஞ்சாமல் பிழையைத் தெரிவித்ததே இதற்கு விளக்கம் என அவர் கருதினார். எனவே, உங்கள் வரிசையில் பல மாதங்களாகச் சிறு காயமோ குறையுள்ள பாகமோ பதிவாகவே இல்லையெனில், மகிழ்ச்சியடையும் முன் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இக்கருத்து ஓசூருக்குப் புதிதன்று. ஓசூரில் ஆலை நடத்தும் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002-இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. அவ்விருதுக்குப் பெயர் தந்த எட்வர்ட்ஸ் டெமிங், மேலாண்மைக்கு வகுத்த 14 நெறிகளில் ஒன்று, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்ற வேண்டும் என்பதாகும். அவர் மருத்துவர் அல்லர். உற்பத்தித் தரத்தைப் பற்றிப் பேசிய புள்ளியியல் அறிஞர்.

மொழி வேறுபடும்போது

கர்நாடக எல்லையை ஒட்டிய இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. இப்போது இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர்களும் உள்ளனர். சொல் புரியாதவர் முகத்தையும் குரலையும் கொண்டே பொருள் கொள்கிறார். இயந்திர இரைச்சலை மீறிச் சொல்வதற்காக நீங்கள் குரலை உயர்த்தினாலும், அது கோபமாகவே அவரைச் சென்றடையக்கூடும். அருகில் சென்று, கையால் சுட்டிக்காட்டி, பாதுகாப்புக் கண்ணாடியைச் சற்று உயர்த்தி முகம் தெரியப் பேசலாம் எனச் சிலர் எண்ணுவர். இயந்திரம் இயங்கும் இடத்தில் அது கூடாது. வரிசைக்கு வெளியே அழைத்துப் பேசுங்கள்.

என்ன செய்யலாம்?

போலியாகச் சிரிக்க வேண்டியதில்லை. உணர்வை மறைத்து நாள் முழுவதும் நடிப்பது உங்களையே சோர்வடையச் செய்யும். தவறான செய்தியுடன் ஒருவர் வரும்போது நீங்கள் காட்டும் முதல் எதிர்வினையே முதன்மையானது. “யார் செய்தது?” என்பதற்கு முன் “என்ன நடந்தது, யாருக்கேனும் அடிபட்டதா?” எனக் கேளுங்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள்தாம், அடுத்த முறை தாம் வாய் திறப்பதா வேண்டாமா என முடிவு செய்கிறார்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் தனியே கண்டியுங்கள். கோபம் மேலிட்டால் சில நிமிடங்கள் விலகி நின்று, திரும்பி வந்து பேச்சைத் தொடருங்கள். தொடராமல் விடுவது மற்றவரின் அச்சத்தை வளர்க்கும். தூக்கம் குறைந்தால் எரிச்சல் மிகும் என்பதால், இரவு ஷிப்டுக்கு மாறும் வாரத்தில் கூடுதல் கவனம் தேவை.

குழுவில் நிலவும் கசப்பு அனைத்தும் ஒருவரது முகத்திலிருந்து பிறப்பதில்லை. எட்ட முடியாத உற்பத்தி இலக்கு, ஓய்வில்லாத மிகைநேரப் பணி, நிரந்தரத் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடையே காட்டப்படும் வேறுபாடு ஆகியவற்றை இன்முகத்தால் ஈடுசெய்ய இயலாது. அவற்றை நிர்வாகமே சரிசெய்ய வேண்டும். பாலியல் தொல்லை உணர்வுப் பிணக்கு ஆகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவிடம் முறையிடலாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

மனச்சோர்வு, தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை அல்லது அடக்க முடியாத சினம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் மருத்துவரை அணுகுங்கள்; மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சிகிச்சை கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் இலவசத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழ் மட்டுமன்றிப் பிற இந்திய மொழிகளிலும் பேசலாம் என்பதால், உங்கள் வரிசையில் உள்ள வெளிமாநிலத் தொழிலாளருக்கும் இந்த எண்ணைத் தெரிவியுங்கள்.