ஜிம்மி ஜார்ஜ்: ஐரோப்பிய வாலிபாலில் தடம் பதித்த கேரள வீரர்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தின் வெள்ளையம்பலம் பகுதியில் உள்ள உள்விளையாட்டரங்கம் ஜிம்மி ஜார்ஜின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தாலியின் மோன்டிகியாரி நகரிலும் அவர் பெயரில் ஒரு விளையாட்டரங்கம் உள்ளது. வாலிபால் விளையாட்டைத் தொழிலாகக் கொண்ட முதல் இந்தியர் இவரே.

தொடக்க காலம்

கண்ணூர் மாவட்டம் பேராவூரில் 1955 மார்ச் 8-ஆம் தேதி பிறந்தார். சகோதரர்கள் எட்டுப் பேரும் வாலிபால் ஆடியவர்கள் என்பதால், வீட்டிலேயே ஓர் அணி உருவானது. தடகள வீராங்கனை அஞ்சு பாபி ஜார்ஜின் கணவரும் பயிற்சியாளருமான பாபி ஜார்ஜ், இவருடைய தம்பி ஆவார்.

1971-இல், 16 வயதில், கேரள மாநில அணியில் ஜிம்மி ஜார்ஜ் இடம்பெற்றார். பின்னர் கேரளப் பல்கலைக்கழக அணிக்கும் ஆடினார். 1976-இல் கேரளக் காவல்துறையில் சேர்ந்தார். அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 21.

வெளிநாட்டுப் பயணம்

அக்காலத்தில் இந்தியாவில் வாலிபால் வீரருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை மட்டுமே. ஆட்டத்தையே வாழ்வாதாரமாகக் கொள்ள விரும்பியவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. ஜிம்மி ஜார்ஜ் 1979-இல் அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப்பில் சேர்ந்தார். 1982-இல் இத்தாலிக்குச் சென்று, ட்ரெவிசோ உள்ளிட்ட கிளப்புகளுக்காக ஆடினார். உயரே எழும்பி, அந்தரத்தில் ஒரு கணம் நிற்பதுபோல் தோன்றி, பந்தை அடிக்கும் அவரது ஸ்மாஷ் இத்தாலிய ரசிகர்களைக் கவர்ந்தது.

நாட்டுக்காக

1974 டெஹ்ரான், 1978 பாங்காக், 1986 சியோல் ஆகிய ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அவர் இந்திய அணியில் இடம்பெற்றார். சியோலில் ஜப்பானை வீழ்த்தி இந்தியா வெண்கலம் வென்றது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் ஆடவர் வாலிபாலில் இந்தியா கடைசியாக வென்ற பதக்கம் அதுவே.

அந்த வெற்றிக்கு அடுத்த ஆண்டு, 1987 நவம்பர் 30-ஆம் தேதி, இத்தாலியில் நேர்ந்த கார் விபத்தில் ஜிம்மி ஜார்ஜ் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 32.

இன்றைய நிலை

கேரளத்தின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனைகளுக்கு அவர் பெயரிலான அறக்கட்டளை விருது வழங்கி வருகிறது. 2022-இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக்கில் சென்னை, கொச்சி, கோழிக்கோடு நகரங்களின் பெயர்களில் அணிகள் களமிறங்கின. ஒரு காலத்தில் ஜிம்மி ஜார்ஜ் வாய்ப்புத் தேடி வெளிநாடு சென்றார். இன்று வெளிநாட்டு வீரர்கள் ஊதியம் பெற்று இந்தியாவில் ஆடுகின்றனர். ஆனால், சியோலுக்குப் பிந்தைய பதக்கத்துக்கான காத்திருப்பு இன்னும் முடியவில்லை.