பராமரிப்புத் தொகை பாக்கியும் பயணத் தடை வழக்குகளும்

பிள்ளைகளின் பராமரிப்புக்காகக் கட்ட வேண்டிய தொகையைக் கட்டாத தாயோ தந்தையோ வெளிநாடு செல்ல முடியாதபடி தடுக்கும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. அவற்றை எதிர்த்த வழக்குகளில் அதிகம் பேசப்படுபவை அமெரிக்க வழக்குகள்.

1996 ஆகஸ்டில் அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், 5,000 டாலருக்கு மேல் பாக்கி வைத்தவருக்குப் பாஸ்போர்ட் தரக்கூடாது என்றது. 2006 அக்டோபர் முதல் இவ்வரம்பு 2,500 டாலர். மாநில வசூல் அலுவலகம் பெயரை மத்திய சுகாதார, மனித சேவைத் துறைக்கு அனுப்பும். பட்டியல் அங்கிருந்து வெளியுறவுத் துறைக்குப் போகும். விண்ணப்பிப்பவர் தப்பியோடப் பார்க்கிறாரா, ஒரு வாரத்தில் திரும்பப் போகிறவரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒரு பகுதியைக் கட்டி பாக்கியை வரம்புக்குக் கீழே இறக்கினாலும் பெயர் தானாக நீங்கிவிடாது.

ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில், பயணம் செய்யும் உரிமை குடிமகனின் சுதந்திரத்தில் அடங்கும் என்று 1958இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் 1981இல், வெளிநாட்டுப் பயணத்துக்கு உள்நாட்டுப் பயணத்தின் அளவு பாதுகாப்பு இல்லை என்றது. பாக்கிதாரர்களின் வழக்குகள் இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே சிக்கின. விசாரணையின்றிப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதாக நியூயார்க்கில் ஒரு தந்தை தொடுத்த வழக்கு 2001இல் தோற்றது. மாநில அளவில் ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பு இருந்ததே போதும் என்றது நீதிமன்றம்.

2002இல் ஒன்பதாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கு இன்னும் சுவையானது. மெக்சிகோவில் இருக்கும் சகோதரியைப் பார்க்க விரும்பிய ஒரு தாய், 20,000 டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தார். மூன்று நீதிபதிகளும் மூன்று வழியில் போனார்கள். பயணச் செலவுக்கான பணம் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்ற அரசின் காரணம் அறிவுக்கு ஒத்தது, அதுவே போதும் என்றார் ஃபெர்னாண்டஸ். காரணம் அதைவிடக் கனமாக இருக்க வேண்டும், இருக்கிறது என்றார் மெக்கியோன். கடனை வசூலிக்க ஓர் அடிப்படை உரிமையை இப்படி ஒட்டுமொத்தமாக முடக்க முடியாது என்று மறுத்தார் கிளைன்ஃபெல்ட். வென்றது அரசு. மறுப்புத் தீர்ப்பின் வாதமே வலுவானது. வேலைக்காக வெளிநாடு போகிறவரைத் தடுத்தால் அடைபடுவது பிள்ளைக்கு வரவேண்டிய வருமானம்தானே!

ஐரோப்பா வேறு பக்கம் திரும்பியது. பிள்ளைகளுக்கான தொகையைக் கட்டாத ஓர் இத்தாலியத் தந்தையின் பாஸ்போர்ட் 2008 முதல் முடக்கப்பட்டிருந்தது. கால வரம்போ மறு ஆய்வோ இல்லாமல் தானாக நீளும் இத்தடை நடமாடும் உரிமையை மீறுகிறது என்று 2014 டிசம்பர் 2 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லை கடந்து பராமரிப்புத் தொகை வசூலிக்கச் சர்வதேச ஒப்பந்தங்கள் இருப்பதையும் அது சுட்டியது. இத்தாலி 2023இல் தன் பாஸ்போர்ட் சட்டத்தைத் திருத்தியது. இப்போது அங்கே, கடமையிலிருந்து தப்பும் உண்மையான அபாயம் இருந்தால் மட்டுமே நீதிபதி தடை விதிக்கலாம். அதுவும் அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்கு.