ரிசர்வ் டேப்பும் பொய் சொல்லும் முள்ளும்

பெட்ரோல் முள்ளை நம்பி நடுரோட்டுல வண்டியைத் தள்ளினவங்க நம்மில் நிறைய பேர். ஆனா ஒரு காலத்துல அந்த முள்ளே இல்லாமதான் இந்தியாவுல பல பைக்குகள் ஓடின. அந்தக் கதைதான் இன்னைக்கு.

1955-ல் சென்னையில என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்குது. திருவொற்றியூரில் புல்லட் தயாரிச்சாங்க. பழைய புல்லட்டின் ஹெட்லைட்டுக்கு மேல ஸ்பீடோமீட்டர் இருக்கும். பேட்டரிக்கு கரண்ட் ஏறுதா இறங்குதான்னு சொல்ல ஒரு குட்டி அம்மீட்டரும் இருக்கும். பெட்ரோலுக்கு மட்டும் மீட்டர் கிடையாது. 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-லயும் கிடையாது.

அந்த வேலையைப் பார்த்தது டேங்குக்கு அடியில இருந்த பெட்ரோல் டேப். டேப்பிலிருந்து டேங்குக்குள்ள ஒரு குழாய் உயரமா நிற்கும். இன்னொரு துளை அடிமட்டத்துல இருக்கும். 'ஆன்'ல வெச்சா உயரமான குழாய் வழியாத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் அதுக்குக் கீழே போனதும் எஞ்சின் திணறும். உடனே டேப்பை 'ரிசர்வ்'க்குத் திருப்பினா, அடியில இருக்குற பெட்ரோல்ல பங்க் வரைக்கும் போய்ச் சேரலாம். அதுவும் தீர்ந்தா, வண்டியைச் சாய்ச்சு, டேங்கின் மறுபக்கம் தங்கினதை டேப் பக்கம் வரவெச்சு இன்னும் கொஞ்சம் ஓட்டுவாங்க.

இந்த டேப் எதையும் அளக்கலை. அஞ்சறைப்பெட்டியில அம்மா ஒதுக்கி வெச்ச காசு மாதிரி, கொஞ்சத்தைத் தனியா வெச்சது, அவ்வளவுதான். பெட்ரோல் போட்ட பிறகு திரும்ப 'ஆன்'க்கு மாத்த மறந்தா அந்தக் காவலும் போச்சு.

மீட்டர் வேற மாதிரி வேலை செய்யுது. டேங்குக்குள்ள ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது மின்தடை மாறும், முள் நகரும். அதாவது முள் காட்டுறது பெட்ரோலின் உயரத்தைத்தான், லிட்டரை இல்லை. பைக் டேங்கோ சேணம் மாதிரி: மேலே அகலம், கீழே நடுவுல ஃப்ரேமுக்காகப் பள்ளம். பாதி உயரத்துல பாதி பெட்ரோல் இருக்கும்னு சொல்ல முடியாது. சைடு ஸ்டாண்டு, மேடு, வளைவு எல்லாம் மிதவையை ஏமாத்தும்.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.-6 விதி வந்ததும் பெரும்பாலான பைக்குகள் கார்புரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அதோட ரிசர்வ் டேப்பும் போச்சு. 2021-ல் புதுசா வந்த கிளாசிக் 350-ல் சின்ன டிஜிட்டல் திரையில பெட்ரோல் அளவு தெரியுது. இன்ஜெக்‌ஷன் பைக்குகள்ல பொதுவா பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். அதைக் குளிர வைக்கிறதும் பெட்ரோல்தான். அடிக்கடி காலியாக விட்டா பம்புக்கே ஆபத்து.

அதனால முள் தப்புக் காட்டுற வண்டிக்கு நம்மளே ஒரு ரிசர்வ் வெச்சுக்கணும். ஃபுல் டேங்க் போட்டு ட்ரிப் மீட்டரை சைபருக்குக் கொண்டு வாங்க. 200 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி ஃபுல் பண்ணுங்க. 4 லிட்டர் பிடிச்சா, லிட்டருக்கு 50. டேங்க் 12 லிட்டர்னா, 10 லிட்டருக்கான 500 கிலோமீட்டர்தான் உங்க கோடு. அதைத் தாண்டினா, முள் எதைக் காட்டினாலும் பங்குக்குத் திரும்புங்க.