ஆனைமலையில் மரம் வெட்டியவர்கள்

படிவம் மூன்று மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பற்றி ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். அநேகமாக எல்லாக் கட்டுரையிலும் ஒரே வாக்கியம்: மரம் வெட்டுபவர்கள் இயற்கையின் எதிரிகள். பயிற்சி நூலில் உள்ள வாக்கியம்தான். நானும் வழக்கம்போல சரி போட்டுக்கொண்டே போனேன். கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்த அன்று பின் வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், என் தாத்தா பாலாக் காட்டுலதான் ரொம்ப வருசம் வேலை செஞ்சார். அவரும் எதிரியா?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “அடுத்த வாரம் பேசலாம்பா” என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அந்த அடுத்த வாரத்துக்காகத் தயாரித்த குறிப்புகளைத்தான் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன். மரபுக்கவிதை, இலக்கணம் என்று நிறைய பகிர்கிறோம். இப்படிப்பட்ட வரலாறும் நம் தமிழ் வகுப்புக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

பழனிக்குப் போனவர்களுக்குப் பொள்ளாச்சி தெரிந்திருக்கும். அங்கிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் மலையேறினால் ‘டாப் ஸ்லிப்’ வரும். தமிழ்நாட்டு மலைக்கு இப்படி ஓர் ஆங்கிலப் பெயரா என்று எனக்கும் முதலில் தோன்றியது. பெயரிலேயே வேலை இருக்கிறது. மேலே வெட்டிய தேக்கு மரங்களை மலைச்சரிவில் சறுக்கிவிட்டுக் கீழே அனுப்பிய இடம் அது. மேலேயிருந்து சறுக்குவதால் டாப் ஸ்லிப். வெட்டியவர்களின் பெயர் எதுவும் நிற்கவில்லை. மரம் சறுக்கிய இடத்தின் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஏன் தேக்கு? கப்பல்தான் காரணம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. தண்ணீரிலும் வெயிலிலும் சீக்கிரம் உளுக்காது. இங்கிலாந்தின் ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கு அப்படிச் செய்யாது. பிரிட்டிஷ் கடற்படைக்கு நெப்போலியன் காலத்திலிருந்தே நல்ல ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் பம்பாய்க் கப்பல் பட்டறையில் மலபார்த் தேக்கால் கப்பல் கட்டினார்கள். 1817இல் அங்கே கட்டிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. இருநூறு வயதைத் தாண்டிய மரம்! (மாணவர்களிடம் இந்தக் கப்பலின் படத்தைக் காட்டுங்கள். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.)

மலபாரில் எட்டிய இடத்து மரங்களெல்லாம் தீரத் தீர, பார்வை உள்மலைகளுக்குப் போனது. 1840களின் இறுதியில் பம்பாய்ப் பட்டறைக்கு மரம் அனுப்புவதற்காக ஆனைமலைக் காட்டை ஜேம்ஸ் மைக்கேல் என்ற இராணுவ அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள். பின்னால் இரயில் வந்தது. சென்னை மாகாணத்தில் முதல் இரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து ஓடியது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 வரை குறுக்குக் கட்டைகள் வேண்டும். 1850களிலேயே சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்கு 35,000 மரங்கள் இதற்காக வெட்டப்பட்டதாக இந்தியப் பள்ளிப் பாடநூல் சொல்கிறது. எவ்வளவு மரம் வேண்டும் என்று முடிவு செய்த மேசை பம்பாயிலும் சென்னையிலும் லண்டனிலும் இருந்தது. கோடாலி மட்டும்தான் மலையில் இருந்தது.

அந்தக் கோடாலியைப் பிடித்தவர்கள் யார்? ஆனைமலையின் பழங்குடிகளான காடர், மலசர் போன்றோரும், சமவெளியிலிருந்து கூலிக்கு ஏறியவர்களும். காடர் தேன் எடுப்பதில் பெயர் போனவர்கள். உயர்ந்த மரத்தில் முளை அடித்து, அதில் கால் வைத்து ஏறுவார்கள். பிறருக்குக் கூலி வேலை செய்வதை அவர்கள் விரும்பியதில்லை என்று வெள்ளைக்கார அதிகாரிகளே குறை சொல்லி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. தன் வீட்டுக் கூரையைப் பிரித்துக் கொடு, கூலி தருகிறேன் என்று ஒருவர் வந்து கேட்டால் நாம் துள்ளிக் குதித்துப் போவோமா என்ன! மலசர் மரவேலையிலும் யானை வேலையிலும் தேர்ந்தவர்கள். டாப் ஸ்லிப் பக்கத்தில் உள்ள கோழிகமுத்தி யானை முகாமில் இன்றும் மலசர் பாகன்களைப் பார்க்கலாம்.

வேலை எப்படி நடந்தது என்பதை மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கத்தில் முதலில் கோடாலியால் ஆழமாகப் பிளவு எடுப்பார்கள். பிறகு மறுபக்கத்திலிருந்து வெட்டுவார்கள், அல்லது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ரம்பம் இழுப்பார்கள். சமதரையில் இது ஒரு மாதிரி; மலைச்சரிவில் முழுக்க வேறு. கால் வழுக்கும். சாய்ந்த மரம் நின்ற இடத்தில் கிடக்காது, உருளும். கிளை கழித்து, துண்டு போட்டு, நுனியில் துளை எடுத்துச் சங்கிலி கோத்தபின் யானையின் முறை. யானைகளும் அதே காட்டில் குழி வெட்டிப் பிடிக்கப்பட்டவைதான். சறுக்குப் பாதை வரை அவை இழுத்து வரும். கீழே மாட்டு வண்டி காத்திருக்கும். இதோடு மலைக்காய்ச்சல் வேறு. மலேரியா கொசுவால் வருகிறது என்பதே 1897க்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரியும். அதற்கு முன்னால் மலை ஏறியவர்கள் காற்றையும் தண்ணீரையும் தெய்வக் குற்றத்தையும் காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

எல்லா மரத்தையும் வெட்டினார்களா என்றால், இல்லை. பக்கத்தில் கேரளத்துப் பரம்பிக்குளத்தில் ‘கன்னிமரா’ என்ற தேக்கு நிற்கிறது. சுற்றளவு ஆறரை மீட்டருக்கும் மேல். வெட்டப் போனபோது மரத்திலிருந்து இரத்தம் பீறிட்டதாம், அன்றுமுதல் கும்பிடுகிறார்களாம். இந்தக் கதையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வேண்டாம் என்று அதிகாரியிடம் சொல்ல முடியாதவர்கள், சாமி வேண்டாம் என்கிறது என்று சொல்லியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் மரம் நிற்கிறது.

அந்தப் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டருக்குக் கொச்சி சமஸ்தானம் 1900களின் தொடக்கத்தில் மரம் இறக்கவே ஒரு டிராம் பாதை போட்டது. செங்குத்தான இடங்களில் கம்பிவடம் கட்டி, மரம் ஏற்றி இறங்கும் பெட்டியின் எடையே காலிப் பெட்டியை மேலே இழுக்கும்படி அமைத்திருந்தார்கள். 1963இல் மூடிவிட்டார்கள். நம் அறிவியல் ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்த நல்ல பாடம்.

இனி ஹியூகோ வுட். 1915 வாக்கில் ஆனைமலைக்கு வந்த வன அதிகாரி. அதற்குள் காடு மொட்டையாகியிருந்தது. மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும். அந்த முறையை வற்புறுத்தியவர். பை நிறையத் தேக்கு விதை வைத்துக்கொண்டு, நடக்கும்போதே கைத்தடியால் குழி போட்டு ஒவ்வொன்றாகப் போடுவார் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். 1933இல் இறந்தார். அவர் விருப்பப்படியே டாப் ஸ்லிப் அருகே தேக்குகளுக்கு நடுவில் கல்லறை. என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிப் பார் என்ற பொருளில் லத்தீன் வாசகம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னுக்கும் இதே வாசகம்தான்.

போன ஆண்டிறுதி விடுமுறையில் அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்றேன். சுற்றிப் பார்த்தேன். நேர்நேராகத் தேக்கு. நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கைத்தடியால் இவ்வளவு காடு வந்துவிடாது. நாற்று சுமந்தவர்களும், களை எடுத்தவர்களும், தீ பரவாமல் காத்தவர்களும் முன்பு கோடாலி பிடித்த அதே ஆட்கள்தானே. வெட்டு என்றார்கள், வெட்டினார்கள். நடு என்றார்கள், நட்டார்கள். இன்று அது புலிகள் காப்பகம். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே காட்டுக்குள் நில உரிமைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவின் வன உரிமைச் சட்டம் 2006இல்தான் வந்தது.

இதையெல்லாம் வகுப்பில் இரண்டு பாடவேளையில் சொன்னேன். பிறகு கட்டுரையைத் திரும்ப எழுதச் சொன்னேன். ‘மரம் வெட்டுபவர்கள்’ என்று எழுதினால், யார் சொல்லி, யாருக்காக, என்ன கூலிக்கு என்றும் எழுத வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மதிப்பெண் முறையை மாற்றவில்லை.

அந்தப் பையன் தாத்தாவிடம் கேட்டு வந்து எழுதியிருந்தான். பாலாக் காட்டில் புலியோ பாம்போ பயமில்லையாம். வெட்டிய மரம் முழுதாகச் சாயாமல் பக்கத்து மரக்கிளையில் மாட்டிக்கொண்டு நிற்குமாம். அது எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாதாம். அதன் அடியில் போய் அறுத்துவிட வேண்டியது அன்றைக்கு யார் முறையோ அவர் வேலையாம்.