மாமன் மடி

எனக்குக் காது குத்தியது 1970-இல், திருவண்ணாமலையில். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். மாமாவுக்கு அப்போதே இடது முழங்கால் மடங்காது. ஒரு காலை நீட்டியபடிதான் மணையில் இருந்தாராம். ஆசாரி குத்திய இடத்தில் ரத்தம் மூன்று நாள் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், சுண்ணாம்பு தடவினார்கள், காப்பித்தூளை அப்பினார்கள். பாட்டி மட்டும், "மாமனுக்கு இருந்தது மருமானுக்கும் வந்துடுச்சே" என்று அழுதாளாம்.

பாட்டி சொன்னது சரி. ஹீமோஃபிலியா என்ற இந்த நோய் பெரும்பாலும் தாய்வழியாக மகனுக்கு வருவது. ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் எட்டு, சிலருக்கு ஒன்பது, உடம்பில் போதுமான அளவு இருக்காது. ஆண்களுக்கு ரத்தம் நிற்காததையும், பெண்கள் வழியாக அது அடுத்த தலைமுறைக்குப் போவதையும் 1803-இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் கான்ராட் ஓட்டோ எழுதிவைத்தார். எங்கள் தெருவில் எழுதிவைக்க ஆளில்லை. எந்த வீட்டில் பிள்ளைக்குக் காது குத்துவதில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பின்னாளில் எனக்கு மாமன் மகளைப் பேசினார்கள். நோயுள்ளவரின் பெண்கள் எல்லோருமே அந்தக் குறையைச் சுமப்பவர்கள், நோயுள்ளவனே அவளைக் கட்டினால் பெண் குழந்தைக்கும் நோய் வரலாம் என்று வேலூரில் ஒரு டாக்டர் விளக்கினார். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சிறுவயதில் சிகிச்சைக்கு வேலூர்தான் போகவேண்டும், எண்பது கிலோமீட்டருக்கு மேல். போளூர், கண்ணமங்கலம் வழியாக பஸ். வீங்கிய முழங்காலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு அப்பா வருவார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் முகம்தான் முதலில் சுருங்கும். அங்கே பை பையாகக் கிரையோ என்ற ரத்தப் பொருளை ஏற்றுவார்கள். உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருகவிட்டால் அடியில் தங்கும் அந்தக் கிரையோ படிவில் ஃபேக்டர் எட்டு செறிந்திருக்கும் என்று அறுபதுகளில் கண்டறிந்தவர் ஸ்டான்ஃபோர்டின் ஜூடித் பூல். அந்தப் பெண்மணியை நான் நன்றியோடு நினைக்காத நாளில்லை. ஆனால் அந்தப் பைகளோடு பயமும் வந்தது. எண்பதுகளில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹீமோஃபிலியாக்காரர்களுக்கு ரத்தப் பொருள்கள் வழியாக எச்.ஐ.வி. தொற்றியது. இந்தியாவில் தான ரத்தத்துக்கு அந்தப் பரிசோதனை 1989-இல்தான் கட்டாயமானது. அதற்கு முன் எனக்கு ஏறிய பைகளை அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பாள்.

பத்து வயதில் ஒரு கார்த்திகையன்று யாருக்கும் தெரியாமல் மாவளி சுற்றினேன். மலைமேல் தீபம் எரிந்த நாளெல்லாம் முழங்கை வீங்கிப் படுத்துக் கிடந்தேன். அதைவிடப் பெரிய துயரம் பள்ளிக் கழிப்பறை. வலது முழங்கால் மடங்காமல் போனபின் என்னால் குந்தி உட்கார முடியவில்லை. வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருப்பேன்.

இது நோய்க்கணக்கில் எங்கும் வராது என்று நினைத்திருந்தேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2005-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஹீமோஃபிலியா உள்ளவர் தன் வேலையைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறார் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போடுவார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, நாற்காலியிலிருந்து எழுவது, நடப்பது, படியேறுவது. அந்தப் பட்டியலில் குந்தி உட்காருவதும் இருக்கிறது. கனடாவில் இந்த நோயுள்ள பிள்ளைகளிடமே கேட்டு நிரப்பும் 35 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. அதுவும் நல்ல முயற்சிதான். ஆனால் தரையில் உட்கார்ந்து உண்டு, குந்தி மலங்கழிக்கும் ஊரில் பிள்ளையின் மானம் முழங்காலில் இருக்கிறது என்பது வேலூரில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

என் தங்கை மகனுக்கும் இதே நோய். ஆனால் அவன் பிறந்த காலம் வேறு. அரசு மருத்துவமனையில் ஃபேக்டர் இலவசம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்த நோயையும் சேர்த்துக்கொண்டது. வேலூரிலேயே ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, ஐவருக்கும் ரத்தக்கசிவு நின்றதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். ஐவரும் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு அது வர இன்னும் காலம் இருக்கிறது.

மூன்று வயதில் அவனுக்குக் காது குத்தினோம். தங்கை பயந்தாள், டாக்டரிடம் கேட்டுத்தான் நாள் குறித்தோம். காலையில் ஃபேக்டர் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் வலது காலை நீட்டி மணையில் உட்கார்ந்தேன். ஆசாரி குத்தியதும் வீறிட்டான். இரண்டு சொட்டு, துணியால் அழுத்தியதும் நின்றுவிட்டது. நான் துணியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் அதற்குள் மடியிலிருந்து நழுவி இறங்கி, தாம்பாளத்திலிருந்து சிந்திய பொட்டுக்கடலையை, தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றான்.