ஓநாய்ச் சிலந்தி அண்மை ஒளிப்படவியல்

ஓநாய்ச் சிலந்தி அண்மை ஒளிப்படவியல் என்பது லைக்கோசிடே குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திகளை, அவை வாழும் இடத்திலேயே, பிடிக்காமலும் இடம் மாற்றாமலும் மிக நெருக்கத்தில் ஒளிப்படம் எடுப்பதைக் குறிக்கும். மேக்ரோ ஒளிப்படவியல் எனப் பரவலாக அழைக்கப்படும் துறையின் ஒரு பகுதி இதுவாகும். வலையின் நடுவே அசையாது காத்திருக்கும் சிலந்தியைப் படமெடுப்பதைக் காட்டிலும், தரையில் ஓடித் திரியும் இச்சிலந்திகளைப் படமெடுப்பது கடினம். இவ்வாறு எடுக்கப்படும் படங்கள் அழகுக்காக மட்டுமன்றி, சிலந்தியின் பரவல், இரை, இனப்பெருக்கம் ஆகியவற்றுக்குச் சான்றாகவும் பயன்படுகின்றன. ஆயினும் அழகான படம் எல்லாம் நல்ல சான்றாகிவிடுவதில்லை. பலர் விரும்பி எடுக்கும் முகப்படத்தைக் கொண்டு பெரும்பாலும் சிலந்தியின் இனத்தைக் கூற இயலாது.

ஓநாய்ச் சிலந்திகள்

லைக்கோசிடே குடும்பத்தை 1833ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு விலங்கியலாளர் கார்ல் யாக்கோப் சுண்டெவால் வரையறுத்தார். ஓநாய் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. பெயரைக் கொண்டு இவை கூட்டமாக வேட்டையாடும் என எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றும் தனித்தே இரை தேடும். இக்குடும்பத்தில் 2,400க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவையும் உண்டு. வட அமெரிக்காவின் ஹோக்னா கரோலினென்சிசு போன்று உடல் மட்டும் 3 செ.மீ. அளவுக்கு வளர்பவையும் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் அச்சிலந்தியை 2000ஆம் ஆண்டில் தனது மாநிலச் சிலந்தியாக அறிவித்தது.

பெரும்பாலான ஓநாய்ச் சிலந்திகள் இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. இதற்கு விலக்கும் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் புல்தரைகளில் காணப்படும் ஹிப்பாசா பேரினச் சிலந்திகள் புனல் வடிவில் விரிப்பு வலை அமைத்து, அதன் குழாய் போன்ற வாயில் அமர்ந்திருக்கும். பனி படிந்த காலையில் புல்வெளியெங்கும் வெண்துணி விரித்தாற்போல் தெரிபவற்றுள் இவற்றின் வலைகளும் அடங்கும்.

இத்தாலியின் தாரந்தோ நகரின் பெயரால் அழைக்கப்படும் லைக்கோசா டாரன்டுலா என்பதும் ஓர் ஓநாய்ச் சிலந்தியே. டாரன்டுலா என்ற பெயர் முதலில் இதற்கே உரியதாக இருந்து, பின்னரே மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்குச் சென்றது. படங்களுக்குப் பெயரிடும்போது ஏற்படும் குழப்பங்கள் பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம்.

கண்கள்

கண்களின் அமைப்பே ஓநாய்ச் சிலந்தியைப் படத்தில் அடையாளம் காண உதவும் முதன்மைக் கூறாகும். எட்டுக் கண்கள் மூன்று வரிசையாக அமைந்துள்ளன. கீழ் வரிசையில் நான்கு சிறிய கண்கள், அவற்றின் மேல் முன்னோக்கிய இரு பெரிய கண்கள், அவற்றுக்கும் பின்னே தலையின் மேற்புறத்தில் நடுத்தர அளவுள்ள இரு கண்கள் உள்ளன. தாவும் சிலந்திகளுக்கும் இரு பெரிய கண்கள் உண்டெனினும், அவை முகத்தின் முன் வரிசையிலேயே இருப்பதால் வேறுபடுத்துவது எளிது.

பெரிய கண்கள் இரண்டிலும் அவற்றின் பின்னுள்ள இரண்டிலும் விழித்திரையை ஒட்டி டபீட்டம் எனப்படும் ஒளிதெறிக்கும் படலம் உள்ளது. உட்புகும் ஒளியை வந்த வழியே இது திருப்பியனுப்புவதால், மங்கிய ஒளியிலும் சிலந்தியால் நன்கு பார்க்க முடிகிறது. இதனால் ஒளிப்படம் எடுப்போருக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. நன்மை இரவுத் தேடலில் கிட்டுகிறது. தொல்லை யாதெனில், பளிச்சொளி விளக்கு வில்லைக்கு மிக அருகில், அதன் அச்சையொட்டி இருந்தால், படத்தில் கண்கள் வெளிறி ஒளிர்ந்து உருவம் இழந்துவிடும். விளக்கைச் சற்று மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தினால் கண்கள் கருமையாகத் தெரியும்.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயின் குகைகளில் வாழும் அடெலோகோசா அனோப்சு என்னும் இனத்துக்குக் கண்களே இல்லை. கண்களைக் கொண்டு அறியப்படும் குடும்பத்தில் இது ஒரு விந்தை. 1973இல் அறிவியலுக்கு விவரிக்கப்பட்ட இவ்வினம், 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஒளியியல்

உணரியின் மீது விழும் உருவம் பொருளின் உண்மை அளவுக்குச் சமமாக இருப்பதை 1:1 உருப்பெருக்கம் என்பர். 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்ட உணரியில், 7 மி.மீ. நீளமுள்ள பார்டோசா சிலந்தி ஒன்று 1:1 அளவில் அகலத்தின் ஐந்தில் ஒரு பங்கையே நிரப்பும். ஆகவே முகத்தை மட்டும் காட்ட விரும்புவோர் 2:1 அல்லது அதற்கும் மேற்பட்ட உருப்பெருக்கத்தை நாடுகின்றனர். கேனான் நிறுவனம் 1999இல் வெளியிட்ட 65 மி.மீ. வில்லை 5:1 வரை தரவல்லது. சாதாரண வில்லையின் முன்னே பொருத்தும் நெருக்க வில்லைகளும், வில்லைக்கும் கருவிக்கும் இடையே இடப்படும் நீட்சிக் குழாய்களும் குறைந்த செலவில் இதே வேலையைச் செய்கின்றன.

இங்கு முதன்மையான இடர் புல ஆழம், அதாவது படத்தில் தெளிவாகத் தெரியும் பகுதியின் தடிமன். மேற்கூறிய உணரியில் எஃப்/8 துளையளவில் 1:1இல் இது ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. 2:1இல் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்கிவிடும். சிலந்தியை நேர் எதிரே இருந்து எடுத்தால் கண்கள் தெளிவாகவும், முன்கால்களும் வயிறும் மங்கலாகவும் அமைவது இதனாலேயே. துளையை மேலும் சிறிதாக்கினால் புல ஆழம் கூடும். ஆனால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே கூர்மை இழக்கும். 1:1 உருப்பெருக்கத்தில் எஃப்/16 எனக் குறிக்கப்பட்ட துளை, நடைமுறையில் எஃப்/32 போலச் செயற்படுகிறது என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை.

இதற்கு எளிய தீர்வு கோணத்தை மாற்றுவதே. சிலந்தியின் உடல் நீளவாக்கில் உணரிக்கு இணையாக அமையும்படி மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ எடுத்தால், 1 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே உடலின் பெரும்பகுதி அடங்கிவிடும். மற்றொரு வழி குவிய அடுக்கல். குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளைக் கணினியில் இணைப்பர். 2015இல் வெளிவந்த மென்பொருள் மேம்பாட்டின் வழியே ஒலிம்பசு நிறுவனத்தின் ஒரு கருவி, எட்டுப் படங்களைத் தானே இணைக்கும் வசதியைப் பெற்றது. ஆனால் சிலந்தி அசையாதிருந்தால்தான் இது பயன்படும். ஓநாய்ச் சிலந்தி சில நொடிகள் கல்லாய் நின்று, பின் திடீரென ஓடும் இயல்புடையது. உடல் குளிர்ந்து மந்தமாக இருக்கும் அதிகாலையிலேயே குவிய அடுக்கல் பெரும்பாலும் கைகூடுகிறது.

ஒளிக்குப் பெரும்பாலோர் பளிச்சொளியையே பயன்படுத்துகின்றனர். குறைந்த ஆற்றலில் அதன் ஒளிர்வு 1/10,000 நொடிக்கும் குறைவாக இருக்கக்கூடுமாதலால் கை நடுக்கமும் சிலந்தியின் அசைவும் படத்தைக் கெடுப்பதில்லை. ஒளியை மென்மையாக்க இடையில் ஒரு வெண்திரை வேண்டும். சிலந்தியின் கண்கள் குவிந்த கண்ணாடி போன்றவை. திரையின் வடிவமே அவற்றில் வெண்புள்ளியாகப் பதியும். பெரிய, வளைந்த திரை மென்மையான பிறை வடிவைத் தரும். திரையின்றி எடுத்த படத்தில் கூரிய வெண்பொட்டும், பளபளக்கும் தாடைகளும் மட்டுமே மிஞ்சும்.

நெருங்கும் முறை

ஓநாய்ச் சிலந்திகள் தரையின் அதிர்வையும் நகரும் நிழலையும் விரைவில் உணர்கின்றன. எனவே நிழல் அவற்றின் மீது விழாதவாறு, தாழ்ந்து, இடைவிட்டு நகர்வதே வழக்கம். ஏறத்தாழ 100 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லையில் 1:1 அளவுக்குச் சிலந்தியிலிருந்து சுமார் 15 செ.மீ. வரை நெருங்க வேண்டும். ஓடி மறைந்த சிலந்தியைத் துரத்துவது வீண். ஐரோப்பாவில் மிகுதியாகக் காணப்படும் பார்டோசா அமென்டாட்டா போன்ற பகல்நேரச் சிலந்திகள், அசையாது காத்திருந்தால் பெரும்பாலும் வெயில் படும் அதே சருகுக்குத் திரும்பிவிடும்.

இரவில் தேடுவது இன்னும் எளிது. கைவிளக்கைக் கண்ணின் பக்கத்தில் பிடித்து, பார்வைத் திசையிலேயே ஒளியைச் செலுத்தினால், பல மீட்டர் தொலைவிலுள்ள சிலந்தியின் கண்களும் பச்சை கலந்த வெண்புள்ளியாக மின்னும். விளக்கை இடுப்பருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. திரும்பும் ஒளி விளக்கை நோக்கியே செல்லும், பார்ப்பவர் கண்ணை வந்தடையாது. பனித்துளிகளும் இவ்வாறே மின்னுவதால் முதல் சில இரவுகளில் ஏமாற்றம் மிகும்.

தாயும் குஞ்சுகளும்

பெண் சிலந்தி உருண்டையான முட்டைப்பையைத் தன் வயிற்றின் நுனியிலுள்ள நூற்புறுப்புகளில் ஒட்டிச் சுமந்து திரியும். பைசாரிடே குடும்பச் சிலந்திகள் முட்டைப்பையைத் தாடையில் கவ்விச் செல்லும். எனவே பை இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு படம் குடும்பத்தையே உறுதிசெய்துவிடும். குஞ்சுகள் வெளிவந்ததும் தாயின் முதுகில் ஏறி, அங்குள்ள தனிவகை மயிர்களைப் பற்றிக்கொண்டு பயணம் செய்கின்றன. சில இனங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் அடுக்கடுக்காக இருக்கும். இரவில் விளக்கொளி பட்டால் தாயின் கண்களோடு முதுகெங்கும் சிறு புள்ளிகள் மின்னும்.

பிரான்சு நாட்டுப் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ர், நார்போன் ஓநாய்ச் சிலந்தியின் முட்டைப்பையை எடுத்துவிட்டுத் தக்கையாலான உருண்டையைக் கொடுத்தபோது அது அதனையும் ஒட்டிச் சுமந்ததைப் பதிவு செய்துள்ளார். முட்டைப்பையுடன் உள்ள சிலந்தியைக் குச்சியால் தள்ளித் திருப்புவதும், குஞ்சுகளைச் சுமக்கும் தாயின்மீது ஊதி அசைவை உண்டாக்குவதும் சிலரிடம் காணப்படும் பழக்கங்கள். சிதறும் குஞ்சுகள் அனைத்தும் தாயிடம் மீள்வது உறுதியில்லை.

நெல்வயல்

ஆசிய நெல்வயல்களில் வாழும் பார்டோசா சூடோஅனுலாட்டா 1906இல் பியூசன்பர்க், இசுற்றாண்டு ஆகியோரால் விவரிக்கப்பட்டது. நெற்பயிரின் தூரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து, புகையான், பச்சைத் தத்துப்பூச்சி ஆகியவற்றை உண்ணும் இச்சிலந்தி உழவருக்கு மிகவும் வேண்டிய உயிரினம். பூச்சிக்கொல்லி தெளித்தபின் இவை மடிய, புகையான் முன்னிலும் பெருகுவது பல நாடுகளில் அறியப்பட்ட ஒன்று. புகையானைக் கவ்விய நிலையில் தூரில் அமர்ந்திருக்கும் சிலந்தியின் படம் ஒன்று, பளிங்குத் தரையில் எடுத்த நூறு முகப்படங்களைவிட உழவருக்குப் பயன்படும்.

இனங்காணல்

பெரும்பாலான ஓநாய்ச் சிலந்திகளின் இனத்தை உறுதிசெய்யப் பெண்ணின் வயிற்று அடிப்புறத்திலுள்ள இனப்பெருக்க உறுப்பையோ, ஆணின் உணர்கை முனையையோ நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். படத்தைக் கொண்டு பேரினம் வரை சென்று நிறுத்துவதே பல நேரங்களில் நேர்மையான முடிவு. மறுபுறம், சாராயத்தில் பாதுகாக்கப்பட்ட மாதிரியில் நிறம் மங்கிவிடும். வாழிடமும் நடத்தையும் அதில் இரா. அவற்றைப் படமே காக்கிறது. மேலிருந்து தலைமார்பின் கோடுகள் தெரிய ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, எதிரிலிருந்து கண்கள் தெரிய ஒன்று, சுற்றுப்புறத்துடன் ஒன்று என எடுத்து, நாள், இடம், உடல் நீளம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் பின்னாளில் வல்லுநர் ஒருவர் அதனைப் பயன்படுத்த இயலும். 2008இல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிசுட்டு, இந்தியப் பல்லுயிர் வலைவாசல் ஆகியன இத்தகைய பதிவுகளை ஏற்கின்றன.

சிலந்தியைக் குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கிப் படமெடுப்போரும் உண்டு. அவ்வாறு எடுத்த படத்தில் கால்கள் இயல்பற்று மடங்கியிருப்பதைப் பழகிய கண்கள் கண்டுகொள்ளும். அதனை இயற்கைச் சூழலில் எடுத்ததாகக் குறிப்பிடுவது, அதை நம்பிப் பயன்படுத்தும் ஆய்வாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

பாதுகாப்பு

ஓநாய்ச் சிலந்தி தானாக மனிதரைத் தாக்குவதில்லை. நசுங்கினாலோ பிடிபட்டாலோ கடிக்கலாம். பிரேசிலின் சாவோ பாவுலோவில் 515 கடிகளை ஆராய்ந்து 1990இல் வெளியான ஆய்வில், வலியும் சிறு வீக்கமுமே பெரும்பாலும் காணப்பட்டன. முன்னர் அஞ்சப்பட்ட திசு அழுகல் எதிலும் ஏற்படவில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இரவில் வரப்பின்மீது படுத்துப் படமெடுப்போருக்கு உண்மையான ஆபத்து கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனுமே. உயரமான காலணி அணிவதும், முழங்காலையோ கையையோ ஊன்றுமுன் அவ்விடத்தில் விளக்கடித்துப் பார்ப்பதும், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும் இன்றியமையாதன.